பூச்சி அரித்த விளிம்பு

பார்த்த வேலையைப் பற்றிய இப்படிப்பட்ட கட்டுரைகளைப் பெரும்பாலும் ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். தலைமையாசிரியர்கள், தோட்டத்து ஆஸ்பத்திரியில் இருந்தவர்கள், ரயில்வேக்காரர்கள். எனக்கு முப்பத்து நான்கு வயது. ஓய்வூதியம் கிடையாது, மாலை போட்டு வழியனுப்பவும் இல்லை. வயிற்றில் பிள்ளையோடு ஒரு நாள் கடையை விட்டு இறங்கினேன், திரும்பிப் போகவில்லை. இனி போகப்போவதும் இல்லை. அதை ஓய்வு என்று சொல்லலாமா என்று தெரியவில்லை. வேறு சொல்லும் கிடைக்கவில்லை.

எழுதத் தூண்டியது தர்ஷினி. மலாக்கா பழைய டவுனில் நான் வேலை பார்த்த பழம்பொருள் கடையில், என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண். முகம் பார்த்ததில்லை. யாரிடமோ என் எண்ணை வாங்கி, குரல் பதிவு ஒன்று அனுப்பியிருந்தாள்.

"அக்கா, ஒரு டவுட்டு லா. விக்க வர்றவங்க பீங்கானைக் கொண்டாந்து வச்சிட்டு, அவங்களே 'இது உடைஞ்சிருக்கு'ன்னு சொல்றாங்க. அப்ப நான் என்னக்கா சொல்லணும்? முதலாளி என்னான்னா, 'உண்மையைச் சொல்லும்மா, மறைக்காதே'ங்கிறாரு. இந்தக் காலத்துல இப்படி ஒரு முதலாளி கிடைக்க மாட்டாருல்ல?"

மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். நான் அதை மறுபடி மறுபடி கேட்டேன். பதிலாகக் குரல் பதிவு ஒன்றைத் தொடங்கி அழித்தேன். இன்னொன்றையும் அழித்தேன். என் கணவர், "தெரியாத பொண்ணு, உனக்கேன் வம்பு, விடேன்" என்றார். விட முடிந்தால் விட்டிருப்பேன்.

நான் வரலாறு படித்தவள். புக்கிட் காத்திலில் வளர்ந்து, அப்பாவின் ஆசைப்படி பல்கலைக்கழகம் போய், ஆசிரியர் வேலைக்கு மனுப் போட்டுக் காத்திருந்த நாளில், தற்காலிகமாக இந்தக் கடைக்குப் போனேன். தற்காலிகம் எட்டு ஆண்டுகள் நீண்டது. முதல் சில ஆண்டுகள் தூசி துடைத்தேன், பொருளுக்குப் பக்கத்தில் வைக்கும் அட்டைகளை ஆங்கிலத்தில் எழுதினேன். மாலை வகுப்புக்குப் போய்க் கொஞ்சம் ஜப்பானிய மொழி கற்றுக்கொண்டேன். பழைய பீங்கானைத் தேடி எங்கள் கடைக்கு வந்தவர்களில் பாதிப்பேர் ஜப்பானியர்கள்.

அவர்கள் தேடி வந்தது ஒரு தனி வகை. மிங் அரசர்களின் கை தளர்ந்துபோன கடைசிக் காலத்தில், அரண்மனை வாங்குவதை நிறுத்திவிட்ட சீனச் சூளைகள், ஜப்பானியத் தேநீர்ப் பிரியர்களுக்காகச் செய்த நீல வெள்ளைப் பீங்கான். தேநீர் விருந்தில் சிறிது உணவு பரிமாறும் சின்னத் தட்டுகள், தண்ணீர் வைக்கும் ஜாடிகள். தட்டுகள் ஐந்தைந்தாக இருக்கும். வட்டம் சரியான வட்டமாக இருக்காது. ஓவியம் அவசரத்தில் போட்டதுபோல் இருக்கும். அடிவளையத்தில் சூளை மணல் ஒட்டியிருக்கும். எல்லாவற்றையும்விட அதன் விளிம்பு. களிமண்ணும் மேலே பூசும் பளபளப்பும் சூளையில் ஒரே அளவில் சுருங்குவதில்லை. அதனால் விளிம்பில் பூச்சு சரியாகப் பிடிக்காமல் அங்கங்கே உதிர்ந்து, உள்ளே இருக்கும் மண் தெரியும். வேறு யாராக இருந்தாலும் கழித்துப் போட்டிருப்பார்கள். தேநீர்க்காரர்கள், பட்டுத் துணியைப் பூச்சி அரித்தாற்போல் இருக்கிறதே என்றார்கள். அந்தப் பெயரே நிலைத்தது. பிறகு, அரிப்பு இருந்தால்தான் வேண்டும் என்றார்கள்.

கீழே விழுந்து உடைந்த விளிம்புக்கும் சூளையில் உதிர்ந்த விளிம்புக்கும் வேறுபாடு உண்டு. விழுந்து உடைந்தது சிப்பிபோல் சரிந்திருக்கும், ஓரம் கூராக இருக்கும், உள்மண் வெளுப்பாக இருக்கும். சூளையில் உதிர்ந்தது விரலைக் கீறாது. பல காலம் பல கைகள் பட்டு, மண் தேயிலை நிறத்துக்கு வந்திருக்கும். இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் முதலாளி. நன்றாகவே சொல்லிக் கொடுத்தார். அதில் நான் குறை சொல்ல மாட்டேன்.

அவரைப் பற்றி எழுதும்போது கவனமாக இருக்க வேண்டும். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. வெள்ளைச் சட்டை, மடித்துவிட்ட கை, நெற்றியில் மெல்லிய திருநீறு. யாரையும் 'அம்மா', 'ஐயா' என்றுதான் அழைப்பார். பீங்கானைத் தொடுமுன் மோதிரத்தைக் கழற்றி மேசை டிராயரில் போடுவார். என்னை வளையலைக் கழற்றச் சொல்வார், தாலிச் சங்கிலியை ரவிக்கைக்குள் விடச் சொல்வார். மேசையில் மடித்த துவாலை விரிப்பார். தட்டை விளிம்பில் பிடித்துத் தூக்க மாட்டார். ஒரு கை அடியில், ஒரு கை பக்கத்தில். முதலில் கவிழ்த்து அடிவளையத்தைப் பார்ப்பார். அப்புறம் நிமிர்த்தி, சன்னல் வெளிச்சத்தில் சாய்த்து, பூச்சின் மேல் ஒளி வழுக்கிப் போவதைப் பார்ப்பார். ஓவியத்தைக் கடைசியாகத்தான் பார்ப்பார். "படம் ஏமாத்தும்மா. காலு ஏமாத்தாது" என்பார். காலு என்றால் அடிவளையம்.

இதெல்லாம் முறை. இதற்கு முன்னால் இன்னொரு முறை இருந்தது. அது எனக்குப் புரியவே சில ஆண்டுகள் ஆயின.

விற்க வருபவர் உட்கார்ந்ததும் தேநீர் வரவேண்டும். அது எப்போதும் புத்தம் புதிய வெள்ளைக் கோப்பையில், தங்கக் கோடு போட்ட சாசரோடு வரும். ஒரு கீறல் இருந்தாலும் அந்தக் கோப்பையை மாற்றச் சொல்வார். ஜப்பானிய விருந்தாளிகளுக்கோ கோணல்மாணலான ஒரு பழைய கிண்ணத்தில்தான் கொடுப்பார். விருந்தோம்பலில் ஆளுக்கு ஏற்ற ரசனை என்று நினைத்திருந்தேன். பிறகு ஒரு நாள், தன் பழைய கிண்ணத்தை எங்கள் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்த ஓர் ஆள், இரண்டையும் மாறி மாறிப் பார்த்து முகம் சுருங்கியதைக் கவனித்தேன். கோப்பை எதற்கு வருகிறது என்று அன்றுதான் தெரிந்தது.

அடுத்தது விரல். சுட்டுவிரலை விளிம்பில் வைத்து மெதுவாகச் சுற்றிக்கொண்டு வருவார். அரிப்பு வந்த இடத்தில் விரல் நிற்கும். ஒன்றும் பேச மாட்டார். மறுபடி நகரும், மறுபடி நிற்கும். விற்க வந்தவரால் அந்த மௌனத்தைத் தாங்க முடியாது. "அங்க கொஞ்சம் உடைஞ்சிருக்குங்க" என்று அவரே சொல்லிவிடுவார். முதலாளி வருத்தமாகத் தலையை மட்டும் ஆட்டுவார். 'உடைசல்' என்ற சொல்லை முதலாளியின் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. அது எப்போதும் விற்பவர் வாயிலிருந்துதான் வந்தது. அதே தட்டு கண்ணாடி அலமாரிக்குள் போனதும், 'பூச்சி அரித்த விளிம்பு, மிக நேர்த்தியானது' என்று நான் அட்டை எழுதுவேன்.

சரோஜா அக்கா வந்தது நான் ஐந்து மாதக் கர்ப்பமாக இருந்தபோது.

ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருந்தார். ஐம்பத்தைந்து வயதிருக்கும். பிஸ்கட் டின் ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார். டின்னுக்குள் பழைய கைலித் துணி, துணிக்குள் ஐந்து தட்டுகள். ஒவ்வொன்றிலும் ஒரு முயல் நின்று மேலே நிலாவைப் பார்க்கிறது. ஐந்து முயலும் ஐந்து விதம். ஒன்றுக்குக் காது அளவுக்கு மீறி நீளம். ஒன்று முயலா, பூனையா என்றே சந்தேகம். நான் புத்தகப் படங்களில் பார்த்திருந்ததைவிட நல்ல தட்டுகள். நான் மேசையை நோக்கிக் குனிந்துவிட்டேன். முதலாளியின் முகத்தில் எதுவும் இல்லை.

"எங்க வீட்டுக்காரரோட அப்பா, சண்டைக்கு முந்தி மேனேஜர் பங்களாவுல குசினியில சமையல் வேலை பார்த்தவருங்க" என்றார் அக்கா. "அப்ப தோட்டத்துக்கு ஒரு ஜப்பான்காரன் மேனேஜரா இருந்தானாம். ஊருக்குப் போறப்ப பெட்டியோட குடுத்துட்டுப் போனானாம். நாங்க சாமி மேடையில வச்சு, விபூதி குங்குமம் போட்டு வச்சிருந்தோம்."

"பெட்டி இருக்காம்மா?"

"எங்க ஐயா! மாமனாரு அதுல ஆணி போட்டு மாட்டுக்கொட்டாயில வச்சிருந்தாரு. கரையான் தின்னுடுச்சு."

முதலாளி கண்ணை மூடித் திறந்தார். எட்டு ஆண்டுகளில் அவர் உண்மையாகத் துக்கப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு கணம்தான். தட்டைப் போலவே பெட்டியும் முக்கியம். தேநீர்க்காரர்கள் பெட்டி மூடியில் பெயர் எழுதி வைப்பார்கள், அது யார் யார் கையில் இருந்தது என்று.

தேநீர் வந்தது, தங்கக் கோட்டுக் கோப்பையில். முதலாளியின் விரல் விளிம்பில் நகர்ந்தது, நின்றது. அவர் காத்திருக்கவே வேண்டியிருக்கவில்லை.

"ஆமாங்க ஐயா, சுத்தி உடைஞ்சிருக்கு. அதுக்காகத்தான் கொண்டாந்தேன்" என்றார் அக்கா. "என் பொண்ணு மாலாவுக்கு ரெண்டு தடவை தங்கல. இப்ப மூணாவது. நாலு மாசம். சம்பந்தி வீட்டுல வந்து பார்த்துட்டு, 'சாமிகிட்டப் போயி யாராச்சும் உடைஞ்ச தட்டை வைப்பாங்களா, அதான் உங்க வீட்டுல இப்படி'ன்னு சொல்லிட்டாங்க. எனக்கு அன்னிலருந்து தூக்கம் இல்லைங்க. ஆத்துல போட்டுடலாம்னு பார்த்தேன். மாமனாரு பொருளு, மனசு வரல. யாராச்சும் எடுத்துக்கிட்டாப் போதும்."

அப்புறம், பேச்சோடு பேச்சாக, தோட்டத்தை வீடு கட்டும் கம்பெனிக்கு விற்றுவிட்டார்கள், தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்கள் என்றார். புக்கிட் ரம்பாயில் ஒரு மலிவு விலை வீடு பார்த்து வைத்திருக்கிறார்களாம். முன்பணம் கட்டத்தான் வழியில்லையாம். அதை ஒரு குறையாகக்கூட அவர் சொல்லவில்லை. மழை பெய்கிறது என்பதுபோல் சொன்னார்.

அந்த முன்பணமும் அதற்கு மேலும் அந்தத் துவாலையில் பரப்பி வைத்திருந்தது. அறையில் மூன்று பேர் இருந்தோம். இரண்டு பேருக்கு அது தெரியும்.

நான் அதுவரை விற்பவர்கள் முன்னால் வாய் திறந்ததில்லை. அன்று திறந்தேன். தைரியம் என்று சொல்ல மாட்டேன். வயிற்றில் பிள்ளை அசைந்தது, வாய் தானாகப் பேசிவிட்டது என்றுதான் இப்போதும் நினைக்கிறேன்.

"அக்கா, இது உடைசல் இல்ல" என்றேன். "சூளையிலேயே இப்படித்தான் வரும். ஜப்பான்காரங்க இந்த ஓரத்துக்காகவே தேடி வந்து வாங்குறாங்க. ரொம்பப் பழசு, ரொம்ப மதிப்பு. நீங்க நாலு இடத்துல கேட்டுட்டுக் குடுங்க."

சொல்லிக்கொண்டே, காட்டுவதற்காக ஒரு தட்டை எடுக்கக் கை நீட்டினேன்.

"தொடாதே கண்ணு!" அக்கா என் கையைப் பிடித்துத் தள்ளிவிட்டார். "வயித்துல புள்ளைய வச்சுக்கிட்டு! எத்தனை மாசம்?"

"அஞ்சு."

"அஞ்சு மாசத்துல இதையெல்லாம் தொடுவாங்களா? படிச்ச பொண்ணுதானே நீ!"

என் கை தானாகப் பின்னால் வந்தது. இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். அவர் தள்ளியதால் வந்ததா, நானே இழுத்துக்கொண்டேனா? எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை. ஆனால் இரண்டு தடவை தங்கவில்லை என்று அவர் சொன்னபோது என் அடிவயிறு ஒரு முறை சில்லிட்டது உண்மை. வாய் 'உடைசல் இல்ல' என்கிறது, கை பின்வாங்குகிறது. எதிரே இருப்பவர் எதை நம்புவார்?

நான் முதலாளியைப் பார்த்தேன். வேலை போயிற்று என்றே நினைத்தேன். அவர் கோபப்படவில்லை. மெல்லச் சிரித்தார்.

"அந்தப் பொண்ணு சொல்றது உண்மைதாம்மா" என்றார் அக்காவிடம். "நல்லா கேட்டுக்குங்க. இதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க. வேணும்னா எடுத்துட்டுப் போயி யோசிச்சிட்டு வாங்க. ஒண்ணும் அவசரம் இல்ல."

தட்டுகளைக் கைலித் துணியில் தானே சுற்றி, டின்னில் வைத்து, அவர் பக்கம் நகர்த்தினார்.

அக்காவின் முகம் மாறியது. அவர் எங்கள் இருவரையும் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஐயா, நல்ல மனசுக்காரங்க நீங்க. என் மனசு நோகக்கூடாதுன்னு பேசறீங்க. உடைஞ்ச தட்டைக் காசு குடுத்து யாருங்க வாங்குவா? எனக்குத் தெரியாதா? திருப்பிக் கொண்டு போக மட்டும் சொல்லாதீங்க. அதை எடுத்துக்கிட்டு எம்பொண்ணு இருக்கற வீட்டுக்குள்ள நான் நுழைய மாட்டேன்."

டின்னை மறுபடி முதலாளி பக்கம் தள்ளினார். முதலாளி கொடுத்ததை எண்ணிக்கூடப் பார்க்காமல் முந்தானையில் முடிந்துகொண்டார். போகும்போது என் வயிற்றைத் தொட்டு, "நல்லபடியா பொறக்கும்" என்றார். வாசலில் இறங்கி நடந்தபோது தோளிலிருந்து ஏதோ சுமை இறங்கியவர்போல் கையை வீசிக்கொண்டு போனார்.

முதலாளி மோதிரத்தை எடுத்துப் போட்டுக்கொண்டார். "நான் ஒரு பொய் சொன்னேனாம்மா?" என்று கேட்டார்.

"இல்ல."

"நீ சொன்னியா?"

"இல்ல."

"அப்புறம் ஏன் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கே? போ, அட்டை எழுது."

அந்த ஞாயிற்றுக்கிழமை என் கணவரை வண்டி ஓட்டச் சொல்லி அந்தத் தோட்டத்துக்குப் போனேன். பாதி லயம் காலி. கதவு கழற்றிய வீடுகளுக்குள் ஆடுகள் படுத்திருந்தன. சரோஜா வீடு எது என்று ஒரு பெண் காட்டினாள். பூட்டியிருந்தது. "மக கூடப் போயிட்டாங்க, புக்கிட் ரம்பாய்னாங்க, எந்தத் தாமான்னு தெரியல லா" என்றாள். புக்கிட் ரம்பாயில் எத்தனை தாமான்கள், எத்தனை குடியிருப்புகள்! அன்று மாலைவரை சுற்றினோம். என் கால் வீங்கிவிட்டது என்று கணவர் வண்டியைத் திருப்பினார்.

மறு மாதம் கியோட்டோவிலிருந்து ஒரு தேநீர் ஆசிரியை வந்தார். எழுபது வயது, கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டுத்தான் தட்டைத் தொட்டார். துவாலையைத் தரையில் விரிக்கச் சொல்லி, மண்டியிட்டு, முழங்கைகளைத் தொடையில் ஊன்றி, தட்டைத் துவாலைக்கு மேலே ஓர் அங்குலத்துக்கு மேல் தூக்காமல் பார்த்தார். ஐந்தையும் அப்படிப் பார்த்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று. விளிம்பில் அரித்த இடங்களில் சிவப்பு ஏறியிருந்தது. இது என்ன என்று கேட்டார். குங்குமம் என்றேன். கடவுள் முன்னால் வைத்திருந்தார்கள் என்று எனக்குத் தெரிந்த ஜப்பானிய மொழியில் சொன்னேன். அவர் தட்டைக் கீழே வைத்துவிட்டுத் தலை தாழ்த்தி வணங்கினார். என்னையல்ல, தட்டை.

பெட்டி இல்லை என்றதும் அவர் முதலாளியைப் போலவே கண்ணை மூடித் திறந்தார். புதுப் பெட்டி செய்யலாம், ஆனால் யார் வீட்டில் இருந்தது என்று மூடியில் எழுத வேண்டுமே, பெயர் தெரியுமா என்றார்.

"ஒரு தோட்டத்துக் குடும்பம்" என்றார் முதலாளி.

"சரோஜா" என்றேன் நான்.

இதாவது முதலாளிக்கு உறுத்தட்டும் என்றுதான் சொன்னேன். ஆசிரியை மூன்று முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார், சரோஜா, சரோஜா, சரோஜா. தன் மொழி எழுத்தில் ஒரு தாளில் எழுதி, சரியா என்று என்னிடம் காட்டினார். சரிதான்.

அவர் போனபின் முதலாளி என் மேசைக்கு வந்தார். "நல்ல வேலை செஞ்சேம்மா. பேரும் குங்குமமும் சேர்ந்ததும் அந்தம்மா விலையைப் பத்தி ஒரு வார்த்தை பேசல பாத்தியா?"

அதன்பிறகு முறை மாறியது. விற்க வருபவர்கள் முன்னால் என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தார். கோப்பை வரும், விரல் சுற்றும், நிற்கும். அவர்கள் வாயிலிருந்து அந்தச் சொல் வரும். உடனே என் பக்கம் திரும்பி, "நீ சொல்லும்மா. மறைக்காம சொல்லு" என்பார். நான் சொல்ல வேண்டும். சொன்னேன். செர்காமிலிருந்து வந்த மீன்காரர் ஒருவர், "ஏம்மா, ஆளைப் பார்த்தா கிண்டலா இருக்கா?" என்று எழுந்து நின்றார். முதலாளி அவரைச் சமாதானப்படுத்தி உட்கார வைத்து வாங்கினார். இன்னொரு அம்மா என்னை ஆசீர்வதித்தார். ஒருவர்கூட நம்பவில்லை. நம்பியிருந்தால் முதலாளி என்ன செய்திருப்பார் என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் அப்படி நடக்கவே இல்லை. புது வெள்ளைக் கோப்பையும், நின்று போகும் விரலும், வீட்டில் உடைந்த பாத்திரம் ஆகாது என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த காதும் ஒரு பக்கம். நான் சொல்லும் நாலு வார்த்தை மறுபக்கம்.

குரலை மாற்றிப் பார்த்தேன். சிரிக்காமல் சொல்லிப் பார்த்தேன். புத்தகத்தைத் திறந்து படம் காட்டினேன். படம் காட்டியது இன்னும் மோசம், திட்டம் போட்டுக் கேலி செய்கிறேன் என்று நினைத்தார்கள். உறுதியாகச் சொல்லச் சொல்ல அது பொய்போலவே கேட்டது. ஏழாம் மாதம் முதுகு வலி என்று சொல்லி நின்றுவிட்டேன். முதலாளி பிள்ளைக்கு ஒரு தங்கக் காப்பு அனுப்பினார். அது இன்னும் டப்பாவுக்குள்தான் இருக்கிறது. வீட்டில் கேட்டவர்களுக்கு, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றேன். அதுவும் உண்மைதான். அதை மட்டும் எல்லாரும் உடனே நம்பினார்கள்.

போன மாதம் மகளுக்கு ஊசி போட அரசாங்கக் கிளினிக்குக்குப் போயிருந்தேன். முதல் நாளிலிருந்தே அவளுக்கு லேசான சளி, ஊசி போடலாமா கூடாதா என்ற கவலை. எண் கூப்பிடுவதற்காகக் காத்திருந்தபோது எதிர் வரிசையிலிருந்து ஒரு குரல்.

"ஏ கண்ணு! பீங்கான் கடைப் பொண்ணுதானே நீ?"

சரோஜா அக்கா. மடியில் கொழுகொழுவென்று ஒரு பேரன், பிளாஸ்டிக் நாற்காலியின் கையைக் கடித்துக்கொண்டிருந்தான்.

"பாரு, தங்கிடுச்சு!" என்றார், அவனைத் தூக்கிக் காட்டி. "மாலா பேக்டரிக்குப் போயிட்டா, நாந்தான் தூக்கிட்டு வந்தேன். உனக்குப் பொம்பளப் புள்ளையா? மூக்கைப் பாரு, அப்படியே உன்னையாட்டம்."

வீடு என்ன ஆயிற்று என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்னவோ.

"அதெல்லாம் விட்டாச்சு லா. முன்பணம் யாரு கட்டறது? மருமவன் வீட்டுலதான். சம்பந்தியும் அங்கதான். நானும் வீட்டுக்காரரும் ஹாலுல படுத்துக்கறோம்." சிரித்தார். "பரவால்ல, ஹாலுல பேன் இருக்கு."

அவர் நாற்காலி மாறி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்னை நான் அடிக்கடி நினைச்சுக்குவேன். அன்னிக்கு எனக்காக ஒரு பொய் சொன்ன பாரு. உடைசல் இல்லன்னு, ஜப்பான்காரன் தேடுறான்னு. நான் அழுதுடுவேன்னுதானே சொன்னே? பெத்த புள்ளைகூட அப்படி ஆறுதல் சொல்லாது."

"அக்கா, அது பொய் இல்ல" என்றேன். "நெசமாவே ஜப்பான்ல ஒரு அம்மா வாங்கிட்டாங்க. அதுக்குன்னு மரப்பெட்டி செஞ்சு, மூடியில உங்க பேரை எழுதியிருக்காங்க. சரோஜான்னு. என் முன்னாடிதான் எழுதிக் காட்டினாங்க."

அவர் என்னைக் கண்கொட்டாமல் பார்த்தார். ஒரு கணம், ஒரே ஒரு கணம், நம்பிவிட்டார் என்று நினைத்தேன். அப்புறம் கிளினிக்கே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார். பேரனும் சேர்ந்து சிரித்தான்.

"நீ மாறவே இல்ல போ! இன்னும் எனக்கு ஆறுதல் சொல்றே!"

என் எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்தபோது அவர், "இரு இரு, புள்ளையை வெறுங்கையோட பார்க்கக் கூடாது" என்று பையைத் துழாவினார். பசார் மாலாம் இரவுச் சந்தையில் பேரனுக்காக ஜோடியாக வாங்கியதாம், மடித்த செய்தித்தாளுக்குள் இரண்டு வெள்ளைத் தட்டுகள், ஓரத்தில் தங்கக் கோடு. ஒன்றை என் கையில் கொடுக்குமுன் சுட்டுவிரலை விளிம்பில் வைத்து ஒரு சுற்றுச் சுற்றினார்.

"தடவிப் பார்த்துத்தான் வாங்கினேன். ஒரு இடத்துலகூட வெரல் நிக்காது."

தர்ஷினிக்கு இன்னும் பதில் அனுப்பவில்லை. உன் முதலாளி சொல்வதுபோல் உண்மையைச் சொல், ஆனால் கோப்பையை முதலில் எடுத்துவிடு என்று சொல்லலாமா என்று யோசித்தேன். அது போதாது என்றும் தெரியும். இதை அப்படியே அவளுக்கு அனுப்பினால் நம்புவாளா என்றும் தெரியவில்லை.

மகள் இப்போது அந்தத் தட்டில்தான் சாப்பிடுகிறாள். கழுவும்போது என் விரலும் விளிம்பைச் சுற்றி வருகிறது. எங்கேயும் நிற்பதில்லை.